சுவரில் வெடிப்பை வரையாதீர்கள்: சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் நகரிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இயங்கும் தமிழ்ப்பள்ளிகளின் மேலாளர் வாரியத்தார், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார், தலைமையாசிரியர்கள்.

அன்புடையீர், வணக்கம்.

அறிவியல் மூலை அமைக்கவோ வெளிச்சுவரில் ஓவியம் தீட்டவோ பள்ளியில் நன்கொடை திரட்டினால், விண்வெளிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அதில் எங்களுக்கு மகிழ்ச்சியே. ஆனால் பேரண்டம் என்று எழுதி வரையப்படுவது பெரும்பாலும் ஒரே படம். கும்மிருட்டின் நடுவில் ஒரு தீப்பந்து வெடிக்கிறது. விண்மீன் திரள்கள் சிதறுதேங்காய்ச் சில்லுகளாக நாலாபக்கமும் தெறிக்கின்றன. கீழே பெரிய எழுத்தில் 13.8 பில்லியன் ஆண்டுகள் என்று ஓர் எண். அந்தப் படத்தை ஆறு ஆண்டுகள் தினமும் பார்த்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளையின் மனத்தில் மூன்று தவறுகள் இறுகிப் போயிருக்கும்: பேரண்டத்துக்கு ஒரு மையம் உண்டு, ஒரு விளிம்பு உண்டு, விளிம்புக்கு அப்பால் வெறும் இருட்டு உண்டு. இந்த மூன்றையும் பிற்பாடு அகற்றுவது எளிதல்ல.

ஓவியத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை, பிள்ளைகள் கையால் அளந்து பார்க்கக்கூடிய பொருள்களுக்குத் திருப்பிவிடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். பேரண்டம் விரிகிறது என்பது யாரோ ஒரு பெரியவர் சொன்ன செய்தியாகப் பிள்ளைகளிடம் போய்ச் சேரக்கூடாது. அது அளந்து கண்டது. அளக்கும் வழியைத் தொடக்கப்பள்ளி மாணவருக்கும் காட்ட முடியும். எப்படிச் செய்வது, எங்கே பிசகும் என்பதைக் கீழே விரிவாகவே எழுதியிருக்கிறோம்.

முதலில் அளவு. ஒரே மாதிரியில் எல்லாவற்றையும் அடக்கப் பார்ப்பதுதான் வழக்கமான பிழை. பேரண்டத்துக்கு இரண்டு அளவுகோல்களாவது வேண்டும்.

முதல் அளவுகோலில் 1 செ.மீ. என்பது 1 இலட்சம் கிலோமீட்டர். பள்ளி வாசலில் 14 செ.மீ. குறுக்களவுள்ள மஞ்சள் வட்டம் சூரியன். தோட்டத்துச் சாலை நேராகப் போகும் திசையில் 5.8 மீட்டரில் புதன்; அதற்கு ஒரு ரவைத் துகள் போதும். 10.8 மீட்டரில் வெள்ளி, 15 மீட்டரில் பூமி. இரண்டுக்கும் தலா ஒரு சிறு கடுகு. பூமியிலிருந்து 3.8 செ.மீ. தள்ளி, பேனா முனையால் வைத்த புள்ளி நிலா. 22.8 மீட்டரில் செவ்வாய், 0.7 மி.மீ. அதன்பின் பெரிய இடைவெளி. 78 மீட்டரில் வியாழன், 14 மி.மீ. கோலிக்குண்டு. 143 மீட்டரில் சனி, 12 மி.மீ. 287 மீட்டரில் யுரேனஸ், 450 மீட்டரில் நெப்டியூன். இரண்டும் மிளகு அளவு. இவற்றைக் கெட்டி அட்டையில் ஒட்டி, மேலே தெளிவான பிளாஸ்டிக் உறை போட்டு, பலகையில் அறைந்தால் மழைக்குத் தாங்கும்.

தூரத்தைக் காலடியால் அளக்க விடாதீர்கள். ஒன்றாம் ஆண்டுப் பிள்ளையின் காலடியும் ஆறாம் ஆண்டுப் பிள்ளையின் காலடியும் ஒன்றல்ல. 450 மீட்டரில் அந்த வேறுபாடு பெருகிவிடும். 30 மீட்டர் அளவுநாடா இல்லையென்றால் சைக்கிள் சக்கரம் நல்ல கருவி. டயரில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு, தரையில் ஒரு முழுச் சுற்று உருட்டி, எவ்வளவு நகர்ந்தது என்று அளந்துகொள்ளுங்கள். 26 அங்குலச் சக்கரம் ஏறத்தாழ 2.07 மீட்டர் போகும். நெப்டியூனுக்கு 217 சுற்று. டயரில் காற்றுக் குறைந்தால் சுற்றளவும் குறையும். ஆகவே அளப்பதற்கு முன் காற்றடித்துவிட்டு, அதே நாளில் வேலையை முடியுங்கள்.

இந்தச் சாலையில் செய்யவேண்டிய முக்கியமான வேலை நடை. இந்த அளவுகோலில் ஒளி விநாடிக்கு 3 செ.மீ. மட்டுமே நகரும். ஒரு மாணவர் சூரியனிலிருந்து பூமி வரையுள்ள 15 மீட்டரை அந்த வேகத்தில் கடக்கட்டும். 8 நிமிடம் 20 விநாடி ஆகும். ஒளிக்கும் வேகம் உண்டு, அதற்கும் நேரம் பிடிக்கிறது என்பதைப் பிள்ளையின் உடம்பே உணர்ந்துகொள்ளும். இது புரியாமல், ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரமாகிய ஒளியாண்டு புரியாது. ஒளியாண்டு புரியாமல் பேரண்டம் புரியாது. நெப்டியூன் பலகையில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீனான புரோக்சிமா செந்தாரி, இதே அளவுகோலில், 4,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து டில்லிக்குப் போனாலும் அந்தத் தூரம் நிறைவாகாது.

இரண்டாம் அளவுகோல் வேறு. 1 மி.மீ. என்பது 1,000 ஒளியாண்டு. நடந்துவந்த 450 மீட்டர்ச் சாலை முழுவதும் இப்போது எந்த நுண்ணோக்கிக் கண்ணாடியிலும் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடும். சூரியன் இருக்கும் விண்மீன் திரளான நம் பால்வீதி 10 செ.மீ. அகலத் தட்டு. அதன் நடுவிலிருந்து 26 மி.மீ. தள்ளிச் சூரியனுக்கு ஒரு குறி வையுங்கள். 16 செ.மீ. தள்ளிப் பெரிய மெகல்லன் மேகம் என்னும் சிறு திரள். இரண்டரை மீட்டர் தள்ளி ஆந்திரொமேடா என்னும் பெரிய திரள். கன்னி விண்மீன் திரள்கொத்து 54 மீட்டரில், திடலின் மறுகோடியில். பள்ளி வேலிக்குள் வைக்கக்கூடியது இதோடு முடிகிறது.

இனி ஊர் வரைபடம் வேண்டும். நாம் காணக்கூடிய பேரண்டத்தின் ஆரம் 46.5 பில்லியன் ஒளியாண்டு. இந்த அளவுகோலில் அது 46.5 கிலோமீட்டர். பள்ளியை நடுவாக வைத்து வரைபடத்தில் கவராயத்தால் ஒரு வட்டம் போட்டால், தெற்கே ஈப்போவும் பத்துகாஜாவும் உள்ளே வரும், கம்பார் வெளியே நிற்கும். மேற்கே தைப்பிங் உள்ளே வரும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வழியாக 2024இல் அறிவிக்கப்பட்ட ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்னும் விண்மீன் திரள், ஈப்போவுக்கும் பத்துகாஜாவுக்கும் இடைப்பட்ட தூரத்தில் வரும். பேரண்டத்துக்கு 300 மில்லியன் வயதுகூட ஆகாதபோது அதிலிருந்து கிளம்பிய ஒளியைத்தான் அந்தத் தொலைநோக்கி பிடித்தது. வட்டத்தைப் பென்சிலால் போட்டு, பக்கத்தில் இப்படி எழுதுங்கள்: "இது பேரண்டத்தின் விளிம்பு அல்ல, நம் பார்வையின் எல்லை." கம்பாரில் ஒரு பள்ளி இதே வட்டத்தைப் போட்டால் அதன் நடுவில் கம்பார்தான் இருக்கும். இந்தக் கருத்துக்காக இரண்டு பள்ளிகளைச் சேர்த்து வட்டங்களை வரையச் சொல்லலாம். ஒன்றோடொன்று வெட்டிக்கொள்ளும் இரு வட்டங்களைப் பார்த்த பிள்ளை, மையம் எங்கே என்று மறுபடியும் கேட்கமாட்டாள்.

இங்கே ஓர் ஐயம் எழுந்தே தீரும். வயது 13.8 பில்லியன் ஆண்டு என்றால் 13.8 பில்லியன் ஒளியாண்டுக்கு மேல் எப்படிப் பார்க்க முடியும்? பல சுவர்ப்படங்களில் பேரண்டத்தின் ஆரம் 13.8 பில்லியன் ஒளியாண்டு என்று எழுதப்படுவது இந்த ஐயத்தைத் தீர்க்காமல் விட்டதால்தான். ஒளி பயணம் செய்துகொண்டிருக்கும்போதே அது கடந்துவந்த வெளியும் விரிந்துகொண்டிருந்தது. நமக்கு வந்து சேரும் மிகப் பழைய ஒளி, பேரண்டத்துக்கு ஏறத்தாழ 3,80,000 வயதாகும்போது கிளம்பியது. அது கிளம்பிய இடம் அந்த நேரத்தில் நம் இடத்திலிருந்து 42 மில்லியன் ஒளியாண்டு தூரத்தில்தான் இருந்தது. அதன்பிறகு தூரங்கள் எல்லாம் சுமார் 1,100 மடங்கு பெருகிவிட்டன. 42 மில்லியனை 1,100ஆல் பெருக்கச் சொல்லுங்கள். 46 பில்லியன் கிடைக்கும். ஆறாம் ஆண்டுக் கணிதம்தான்.

இனி விரிவு. இதற்கு எல்லாரும் பலூனைத்தான் எடுப்பார்கள். பலூனை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. பலூனுக்கு உள்ளே காற்று, வெளியே காற்று, நடுவில் ஒரு மையம் எல்லாம் இருக்கின்றன. அகற்றவேண்டிய தவறையே அது மறுபடி ஊட்டுகிறது. வாய்ப்பக்கம் குறைவாகவும் வயிற்றுப்பக்கம் அதிகமாகவும் உப்புவதால் அளந்தாலும் கணக்கு ஒத்துவராது. பேனாவால் வைத்த புள்ளிகளும் பலூனோடு சேர்ந்து பெருக்கும். உண்மையில் விண்மீன் திரள்கள் பெருப்பதில்லை. பலூன்தான் கையில் இருக்கிறது என்றால் புள்ளிக்குப் பதில் காகித வட்டங்களை ஒட்டுங்கள். மேற்பரப்பை மட்டுமே பேரண்டமாகக் கொள்ளவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தையல் கடையில் கிடைக்கும் இலாஸ்டிக் நாடா இதைவிட நல்லது. இரண்டரை செ.மீ. அகலத்தில் ஒன்றரை மீட்டர் வாங்குங்கள். இரு முனையிலும் 25 செ.மீ. விட்டு, நடுவிலுள்ள ஒரு மீட்டரில் 10 செ.மீ.க்கு ஒன்றாக 11 காகிதக் கிளிப்புகளை மாட்டுங்கள். முனைகளில் விடும் இடம் வீணல்ல. கையால் இறுக்கிப் பிடிக்கும் இடத்துக்கு அருகில் நாடா ஒழுங்காக நீளாது. கிளிப்பை அங்கே மாட்டினால் கணக்குப் பிசகும். முனைகளை இரு மரக்கோல்களில் சுற்றி, இருவர் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு இடைவெளியும் 15 செ.மீ. ஆகும்வரை ஐந்து விநாடியில் சீராக இழுக்கவேண்டும். நாடாவை மேசைமீது கிடத்தி இழுத்தால் உராய்வினால் நடுப்பகுதி பின்தங்கும். மேசையில் முகப்பவுடரைத் தூவுங்கள், அல்லது நாடாவைத் தொடாமல் தூக்கிப் பிடியுங்கள். பழைய சைக்கிள் ட்யூபை நறுக்கி எடுத்த பட்டை வேண்டாம். வெயிலில் காய்ந்த இடம் ஒருவிதமாகவும் மற்ற இடம் வேறுவிதமாகவும் நீளும்.

இப்போது முதல் கிளிப்பில் நம் பால்வீதி இருப்பதாகக் கொள்ளுங்கள். 10 செ.மீ.யில் இருந்த கிளிப் 15க்குப் போயிற்று: 5 விநாடியில் 5 செ.மீ., அதாவது விநாடிக்கு 1 செ.மீ. 20இல் இருந்தது 30க்குப் போயிற்று: விநாடிக்கு 2 செ.மீ. 100இல் இருந்தது 150க்குப் போயிற்று: விநாடிக்கு 10 செ.மீ. தூரம் இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கிறது. வரைபடத்தாளில் தொடக்கத் தூரத்தைக் கிடையாகவும் வேகத்தைச் செங்குத்தாகவும் குறித்தால், சுழியிலிருந்து கிளம்பும் ஒரு நேர்கோடு வரும். அடுத்து ஆறாவது கிளிப்பை நம் இடமாக வைத்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இருபுறமும் கிளிப்புகள் விலகும். கோட்டின் சாய்வு மாறாது. இந்த இரண்டாம் அளவீட்டைத் தவிர்த்துவிட்டால் செய்முறையே பயனற்றுப் போகும். முதல் கிளிப்பை மட்டும் வைத்து அளந்த பிள்ளை, அந்த முனையே மையம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

ஒரு திசையில் மட்டும்தானா என்று கேட்பவர்களுக்கு போட்டோஸ்டாட் கடை உதவும். ஒரு வெள்ளைத்தாளில், ஓரத்திலிருந்து 3 செ.மீ. உள்ளே, ஒழுங்கில்லாமல் 25 புள்ளிகள் வையுங்கள். ஓரத்தில் சரியாக 200 மி.மீ. நீளக் கோடு ஒன்றும் போடுங்கள். ஒளி ஊடுருவும் தாளில் ஒரு பிரதி 100 விழுக்காட்டிலும் மற்றொன்று 105 விழுக்காட்டிலும் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் அளவுகோலால் சோதியுங்கள்: கோடு ஒன்றில் 200 மி.மீ., மற்றதில் 210 மி.மீ. இருக்கவேண்டும். தாளுக்கு ஏற்றபடி தானாகச் சுருக்கும் வசதி இயந்திரத்தில் இயங்கிக்கொண்டிருந்தால் இரண்டும் கெட்டுப்போகும். அதை அணைக்கச் சொல்லிவிட்டுப் பிரதி எடுங்கள். இனி ஒன்றன்மேல் ஒன்றை வைத்து, ஏதாவது ஒரு புள்ளியை அதன் இணைப்புள்ளியோடு பொருத்துங்கள். மற்ற எல்லாப் புள்ளிகளும் அந்த ஒன்றிலிருந்து விலகி ஓடுவதுபோலத் தெரியும். தாளை நகர்த்தி வேறொரு புள்ளியைப் பொருத்துங்கள். இப்போது அது நடுவாகிவிடும். வெடிப்பு ஓவியம் ஒரு முழுச் சுவரில் தவறாகச் சொன்னதை இந்த இரண்டு தாள்களும் சரியாகச் சொல்லிவிடுகின்றன.

நாடாவிலும் தாளிலும் கண்ட நேர்கோட்டுக்கு வானத்தில் உள்ள அளவு இது: ஒவ்வொரு மில்லியன் ஒளியாண்டுத் தூரத்துக்கும் விலகும் வேகம் விநாடிக்குச் சுமார் 21 கிலோமீட்டர் கூடுகிறது. வேறுவிதமாகச் சொன்னால், ஈர்ப்பால் கட்டுண்டிராத தூரங்கள் ஒரு பில்லியன் ஆண்டில் ஏறத்தாழ 7 விழுக்காடு வளர்கின்றன. ஈர்ப்பால் கட்டுண்டிராத என்ற நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். பால்மரமும் பூமியும் சூரியக் குடும்பமும் பால்வீதியும் விரிவதில்லை. கிளிப் கிளிப்பாகவே இருந்ததைப் பிள்ளைகள் பார்த்தார்கள் அல்லவா? ஆந்திரொமேடாவோ பால்வீதியை நோக்கி விநாடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்கி வருகிறது. பக்கத்தில் இருப்பதால் விரிவைவிட ஈர்ப்பு அங்கே வலிது.

14 பில்லியன் ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பவை ஒளியைவிட வேகமாக விலகுகின்றன என்பதும் இதே கணக்கில் வந்துவிடும். ஒளியை எதுவும் முந்தாது என்று கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று ஐன்ஸ்டைனைக் காட்டி மறிக்கும். எந்தப் பொருளும் தன் பக்கத்தில் போகும் ஒளியை முந்தவில்லை, இடையிலுள்ள வெளிதான் வளர்கிறது என்று சொன்னால் போதும். அந்தப் பிள்ளைக்கு ஒரு பாராட்டும் சொல்லுங்கள்.

தூரத்தை எப்படி அறிந்தார்கள்? 1912இல் ஹென்ரியட்டா லீவிட், சிறிய மெகல்லன் மேகத்திலுள்ள 25 செபீடுகளை, அதாவது ஒளி கூடிக் குறைந்து துடிக்கும் விண்மீன்களை, ஆராய்ந்து, மெதுவாகத் துடிப்பவை அதிக ஒளி உள்ளவை என்று காட்டினார். துடிப்பை எண்ணினால் உண்மையான ஒளி தெரியும். அது எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதைக் கொண்டு தூரம் தெரியும். 1923இல் எட்வின் ஹபிள் ஆந்திரொமேடாவில் ஒரு செபீடைக் கண்டபோது, அது பால்வீதிக்குள் உள்ள முகில் அல்ல, வெளியே உள்ள தனித் திரள் என்பது உறுதியானது. 1927இல் ஜார்ஜ் லெமைத்ர் விரிவை ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாட்டிலிருந்து வருவித்தார். 1929இல் ஹபிள் தம் நேர்கோட்டை வெளியிட்டார். அந்தக் கோட்டின் சாய்வு இன்றைய அளவைப்போல ஏழு மடங்கு பெரிது. அதன்படி பேரண்டத்தின் வயது 2 பில்லியன் ஆண்டாக, பூமியின் வயதைவிடக் குறைவாக, வந்தது. செபீடுகளில் இரண்டு வகை உண்டு என்று 1952இல் வால்டர் பாடே காட்டியபின் தூரங்கள் இரு மடங்காகி, இடர்ப்பாடு தீரத் தொடங்கியது. இதைப் பிள்ளைகளிடம் மறைக்கவேண்டாம். அளவீடு திருந்தும், அதுதான் அளவீட்டின் வலு.

வேகம் தெரிவது ஒளியின் நிறப்பட்டையிலிருந்து. இதைக் காட்ட ஒரு பழைய சிடி, ஒரு நீள அட்டைப்பெட்டி, இரண்டு சவர பிளேடுகள் போதும். பிளேடுகளை ஆசிரியர்தான் ஒட்டவேண்டும். இடையில் 0.2 மி.மீ. பிளவு விட்டுப் பெட்டியின் ஒரு முனையில் ஒட்டி, மறுமுனையில் சிடியைச் சுமார் 60 பாகை சாய்வில் செருகி, மேலே பார்வைத் துளை வெட்டுங்கள். பிளவு அகலமானால் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். புதிய எல்.இ.டி. விளக்கைப் பார்த்தால் கோடுகளே தெரியாது, தொடர்ச்சியான நிறமே வரும். கருவி கெட்டுவிட்டது என்று எண்ணிப் பலர் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பழைய குழல் விளக்கைத் தேடுங்கள். அதில் பாதரசத்தின் நீலக்கோடு 435.8, பச்சைக்கோடு 546.1 நானோமீட்டரில் கூர்மையாக நிற்கும். சூரியனை நோக்கி அந்தப் பெட்டியை ஒருபோதும் திருப்பக்கூடாது. பகலில் வெள்ளை மேகத்தைக் காட்டினால் போதும்.

ஒவ்வொரு தனிமத்துக்கும் தனக்கென்று கோடுகள் உண்டு என்பது பிடிபட்டதும் தாளுக்கு வாருங்கள். 1 நானோமீட்டருக்கு 1 மி.மீ. என்று 400 முதல் 700 வரை 30 செ.மீ. பட்டை வரைந்து, நீரகத்தின் (ஹைட்ரஜன்) மூன்று கோடுகளைக் குறியுங்கள்: 434.0, 486.1, 656.3. கீழே இன்னொரு பட்டையில், 5 விழுக்காடு செந்நகர்வு (கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்வது) கொண்ட ஒரு விண்மீன் திரளுக்கு அதே மூன்று கோடுகள்: 455.7, 510.4, 689.1. பல ஆசிரியர்கள் தடுமாறும் இடம் இதுதான். பட்டையை அப்படியே வலப்புறம் தள்ளினால் செந்நகர்வு ஆகாது. முதல் கோடு 21.7 நகர்ந்தது, மூன்றாவது 32.8 நகர்ந்தது. கூட்டல் அல்ல, பெருக்கல்: ஒவ்வொன்றும் 1.05 மடங்கு. ஒளி வந்த வழி 5 விழுக்காடு நீண்டது, அலையும் 5 விழுக்காடு நீண்டது. அந்தத் திரளின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர். 21ஆல் வகுத்தால் தூரம் சுமார் 700 மில்லியன் ஒளியாண்டு. ஒரு தொடக்கப்பள்ளி மாணவர் மூன்று கோடுகளை வைத்து 700 மில்லியன் ஒளியாண்டை அளந்துவிடுகிறார்.

வடிவத்தைப் பற்றிச் சுவர்களில் இரண்டு படங்கள் குழப்பம் செய்கின்றன. ஒன்று எக்காளம்போல் விரியும் படம். அதில் இடமிருந்து வலமாக ஓடுவது காலம்; பேரண்டம் எக்காள வடிவில் இல்லை. கிடைக்கோட்டில் காலம் என்று எழுதாமல் அந்தப் படத்தை மாட்டாதீர்கள். மற்றது நீலமும் செம்மஞ்சளும் கலந்த நீள்வட்டம். அது வானம் முழுவதையும் தாளில் விரித்த வரைபடம். உலக வரைபடம் நீள்வட்டமாக இருப்பதால் பூமி நீள்வட்டம் ஆகிவிடுமா? அதில் தெரிபவை, 1965இல் பென்சியாசும் வில்சனும் கண்டறிந்த 2.725 கெல்வின் பின்னணிக் கதிர்வீச்சில், அதாவது முன்பு சொன்ன மிகப் பழைய ஒளியில், புள்ளி புள்ளியாக உள்ள மிகச் சிறு வெப்ப வேறுபாடுகள்.

அந்தப் புள்ளிகள்தான் வடிவத்தையும் சொல்கின்றன. அவற்றின் உண்மையான அளவை இயற்பியலால் கணக்கிடலாம், தூரமும் தெரியும். வெளி வளைந்திருந்தால் அவை பெரிதாகவோ சிறிதாகவோ தெரியவேண்டும். அளந்தபோது சுமார் 1 பாகை, முழுநிலாவின் அகலத்தைப்போல் இருமடங்கு. வளையாத வெளிக்கு எதிர்பார்த்த அளவும் அதுவே. பூமரேங் பலூன் ஆய்வு 2000இல் இதைத் தெளிவாக்கியது. பிளாங்க் விண்கலம் பின்னர் மேலும் நுட்பமாக உறுதிசெய்தது. வகுப்பில் ஒரு பந்தின் மேல் மூன்று செங்கோணம் கொண்ட முக்கோணம் வரைந்து 270 பாகை காட்டுங்கள். தரையில் வரைந்து 180 காட்டுங்கள். பேரண்டத்தின் முக்கோணம் தரையில் வரைந்ததைப் போன்றது. தட்டையான தட்டு என்று பொருள் அல்ல. முப்பரிமாணத்திலும் கோணங்கள் 180ஆகவே கூடுகின்றன என்று பொருள். முழுப் பேரண்டம் முடிவுள்ளதா முடிவிலியா என்பது இன்றைய அறிவியலில் திறந்த கேள்வி. சுவரில் அதைக் கேள்வியாகவே எழுதுங்கள்.

இன்னொரு திறந்த கேள்வியும் உண்டு. பின்னணிக் கதிர்வீச்சைக் கொண்டு கணக்கிட்டால் விரிவு வீதம், 3.26 மில்லியன் ஒளியாண்டுக்கு இத்தனை என்னும் வானியலாளர் அலகில், விநாடிக்கு 67.4 கிலோமீட்டர்; செபீடுகளையும் வெடிமீன்களையும் கொண்டு அளந்தால் 73. இரண்டின் பிழைவரம்பும் ஒன்றையொன்று தொடவில்லை. 1998இல் விரிவு வேகம் கூடுவதாகக் கண்ட வானியலாளர்கள் 2011இல் நோபல் பரிசு பெற்றனர். அந்த முடுக்கத்துக்குக் காரணமாகச் சொல்லப்படும் கரும் ஆற்றல், பேரண்டத்தில் 68 விழுக்காடு. அது என்ன என்பது தெரியாது. நம் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போகும் காலத்திலும் இதில் செய்யவேண்டியது மிச்சம் இருக்கும். தோட்டத்துப் பள்ளிப் பிள்ளை அதைச் செய்யக்கூடாதா என்ன?

வானத்தையும் ஒருமுறை காட்டுங்கள். 5 பாகை வட அட்சத்தில் இருக்கும் நமக்கு ஆந்திரொமேடாவும் மெகல்லன் மேகமும் இரண்டுமே எழுகின்றன. அக்டோபர், நவம்பர் மழை ஓய்ந்தபின் ஜனவரி நடுவில், நிலவில்லாத இரவில், எட்டரை மணிக்கு ஆந்திரொமேடா வடமேற்கில் 40 பாகை உயரத்தில் இருக்கும். 7×50 அல்லது 10×50 இருகண் நோக்கியில் நீளமான மங்கல் ஒளியாகத் தெரியும். படத்தில் உள்ள சுருள் கரங்கள் தெரியாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். பெரிய மெகல்லன் மேகம் பதினொரு மணி அளவில் நேர்த்தெற்கில் உச்சம் அடையும். அப்போதும் 15 பாகைதான். கையை நீட்டி முட்டி பிடித்தால் ஒரு முட்டி சுமார் 10 பாகை. 10 மீட்டர் உயரச் செம்பனை மரம் உங்களிடமிருந்து 37 மீட்டருக்குள் இருந்தால் அதை மறைத்துவிடும். எனவே திடலின் வடக்கு ஓரத்தில் நில்லுங்கள். திடல் விளக்குகளை அணைத்து, கண் பழக 20 நிமிடம் கொடுங்கள். கைப்பேசித் திரையைப் பார்த்தால் அந்த இருபது நிமிடமும் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

வாரியத்தாரிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த கூட்டத்தில் ஓவியச் செலவை எடுத்துப் பேசும்போது, வெடிப்புப் படத்தைக் கைவிட்டு அந்த இடத்தில் 46.5 கிலோமீட்டர் வட்டம் போட்ட ஊர் வரைபடத்தை வரைய முடிவெடுங்கள். சாலையோரத்தில் பலகை நடத் தோட்ட நிர்வாகத்துக்கும் நகராண்மைக் கழகத்துக்கும் பள்ளியின் பெயரில் கடிதம் கொடுங்கள். தனியாட்கள் கேட்பதைவிடப் பள்ளி கேட்டால் விரைவில் நடக்கும். நாடா, கிளிப், ஒளி ஊடுருவும் தாள் ஆகியவற்றை வகுப்புக்கு நான்கு தொகுதி வாங்குங்கள். நாற்பது பேர் ஒரே நாடாவைச் சுற்றி நின்றால் நான்கு பேர்தான் அளப்பார்கள். அளந்த அட்டவணைகளைப் பிள்ளைகளின் கையெழுத்திலேயே, பிழைகளோடு, அறிவியல் மூலையில் மாட்டுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு சனிக்கிழமை காலை மூன்று மணி நேரம் ஒதுக்கினால், நாடா, தாள், சிடிப் பெட்டி மூன்றையும் உடனிருந்து செய்து காட்ட நாங்கள் வருகிறோம். பிளேடும் பசையும் எங்களிடம் உண்டு. எரிகிற பழைய குழல் விளக்கு ஒன்றைப் பள்ளியில் தேடி வையுங்கள்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வானியல் கற்றும் கற்பித்தும் வரும் சிலர்